ஓயாத பெடல்

1996 ஜூலை 21. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண்களுக்கான ஒலிம்பிக் சைக்கிள் சாலைப் பந்தயம் முடிய இன்னும் ஒரே ஒரு சுற்று. முன்னணியில் மூன்று பேர்: இத்தாலியின் இமெல்டா கியாப்பா, கனடாவின் கிளாரா ஹியூஸ், பிரான்சின் ஜீனி லாங்கோ. மூவரில் மூத்தவர் லாங்கோ. வயது 37. பந்தய சைக்கிள் உலகில் அது பேரப்பிள்ளை எடுக்கும் வயதுக்குச் சமம். ஆனால் ஏற்றத்தில் பெடலை அழுத்தி மற்ற இருவரையும் உதறிவிட்டுப் போனவர் அவர்தான். 25 விநாடி வித்தியாசத்தில், நனைந்த சாலையில் தன்னந்தனியாக வந்து கோட்டைத் தாண்டினார்.

இந்தியாவில் அட்லாண்டா என்றால் லியாண்டர் பயஸின் வெண்கலம்தான் நினைவுக்கு வரும். 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியருக்குக் கிடைத்த தனிநபர் பதக்கம் அது. பிரான்சும் அதே ஒலிம்பிக்கில் ஒரு நீண்ட காத்திருப்பு முடிந்ததைக் கண்டது. சைக்கிளில் ஜெயிப்பதற்கு என்னவெல்லாம் உண்டோ ஏறக்குறைய எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு, ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு எட்டாமல் 12 ஆண்டுகள் துரத்திக்கொண்டிருந்த பெண்மணி அவர்.

லாங்கோவின் பெயரில் இருக்கும் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். உலக சாம்பியன் பட்டங்கள் 13. பிரெஞ்சு தேசிய சாம்பியன் பட்டங்கள் 59. கலந்துகொண்ட ஒலிம்பிக்குகள் 7. அதில் கிடைத்த பதக்கங்கள் 4. முதல் தேசியப் பட்டம் 1979இல். கடைசிப் பட்டம் 2011இல். இடையில் 32 ஆண்டுகள். முதல் பட்டத்தின்போது அவருக்கு 20 வயது, கடைசிப் பட்டத்தின்போது 52. அந்தக் கடைசிப் பட்டம் வந்த சில மாதங்களிலேயே, இத்தனை கணக்கின் மீதும் ஒரு கேள்விக்குறி விழுந்தது என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

பனியிலிருந்து சாலைக்கு

1958 அக்டோபர் 31இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆன்சி நகரில் பிறந்தவர் லாங்கோ. மலைப்பிள்ளைகள் எல்லோரையும் போல அவரும் முதலில் பழகியது பனிச்சறுக்கு. மாணவர்களுக்கான போட்டிகளில் பட்டம் வாங்கும் அளவுக்கு அதில் தேறினார். பத்ரீஸ் சிப்ரெல்லி என்ற பனிச்சறுக்கு வீரர்தான் அவரை சைக்கிள் பக்கம் திருப்பினார். பின்னாளில் அவரே கணவர், அவரே பயிற்சியாளர். லாங்கோவின் உயரத்துக்கும், பிற்பாடு வந்த தலைக்குனிவுக்கும் இந்த மனிதரைத் தவிர்த்துக் கணக்குப் பார்க்க முடியாது.

சைக்கிள் பந்தயம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே விளையாட்டு அல்ல. சாலைப் பந்தயம் என்பது கூட்டத்தோடு ஓட்டுவது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பிக்கலாம்; யாரை எப்போது நம்பலாம், எப்போது கழற்றிவிடலாம் என்ற கணக்குதான் அங்கே பாதி ஆட்டம். 'டைம் டிரையல்' இதற்கு நேர் எதிர். ஒவ்வொருவராகத் தனியே அனுப்புவார்கள், போட்டி கடிகாரத்தோடு. உள்ளரங்க ஓடுதளத்துக்குப் போனால் சைக்கிளே வேறு: கியர் கிடையாது, பிரேக் கிடையாது. அங்கே 'பர்ஸ்யூட்' என்றால் இருவர் எதிரெதிர்ப் பக்கங்களில் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்துவது. 'பாயிண்ட்ஸ்' பந்தயத்திலோ சில சுற்றுகளுக்கு ஒருமுறை பாய்ந்து புள்ளிகளைப் பொறுக்க வேண்டும்.

ஒன்றில் சிறந்தவர் இன்னொன்றில் திணறுவது சகஜம். நூறு மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தான் ஓடச் சொல்வது போலத்தான். லாங்கோ இந்த நான்கிலுமே உலக சாம்பியன். சாலையில் 5, டைம் டிரையலில் 4, பர்ஸ்யூட்டில் 3, பாயிண்ட்ஸில் 1. போதாக்குறைக்கு 1993இல் மலைச்சாலை சைக்கிளான மவுண்டன் பைக்கிலும் இறங்கி, உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 1989இல் மட்டும் சாலை, பர்ஸ்யூட், பாயிண்ட்ஸ் என மூன்று உலகப் பட்டங்கள், அதுவும் சொந்த நாட்டிலேயே: ஓடுதளப் போட்டிகள் லியோனில், சாலைப் பந்தயம் ஷாம்பெரியில்.

சாலை உலகப் பட்டங்கள் 1985, 1986, 1987, 1989 எனத் தொடர்ந்தன. 1988 எங்கே என்று கேட்கலாம். ஒலிம்பிக் ஆண்டு என்பதால் அன்றைய வழக்கப்படி பெண்களின் உலக சாலைப் பந்தயம் அந்த ஆண்டு நடக்கவில்லை. அதாவது நடந்த நான்கு போட்டிகளையும் வரிசையாக அவரே வென்றார்.

யாரும் பார்க்காத வெற்றி

1984இல் டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்கள் பெண்களுக்கென்றும் ஒரு டூர் தொடங்கினார்கள். ஆண்கள் ஓட்டும் அதே சாலைகளில், குறைந்த தூரத்துக்கு, அவர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்னதாகப் பெண்கள் ஓட்டிவிட்டுப் போக வேண்டும். அங்கே லாங்கோவுக்கு வாய்த்த எதிரி இத்தாலியின் மரியா கானின்ஸ். இவரும் பனியிலிருந்து வந்தவர்தான். நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை. லாங்கோவைவிட 9 வயது மூத்தவர். 1985இலும் 1986இலும் மலைகளில் லாங்கோவைப் பின்தள்ளி டூரை ஜெயித்தார் கானின்ஸ். 1987, 1988, 1989 மூன்று ஆண்டுகளும் லாங்கோ திருப்பிக் கொடுத்தார்.

1989 ஜூலையில் பிரான்சே துக்கம் கொண்டாடியது. ஆண்கள் டூரின் கடைசி நாளில், பாரீஸ் நகரத்திலேயே, லோரான் ஃபினியோன் வெறும் 8 விநாடியில் அமெரிக்கர் கிரெக் லெமாண்டிடம் பட்டத்தைப் பறிகொடுத்திருந்தார். அந்த 8 விநாடியைப் பற்றி இன்றுவரை புத்தகம் எழுதுகிறார்கள். அதே மாதம் அதே நாட்டின் ஒரு பெண் மூன்றாவது முறையாக டூரை ஜெயித்திருந்தார் என்பது பலருக்கு நினைவில்லை. அந்த ஆண்டோடு அமைப்பாளர்கள் பெண்கள் டூரையும் மூட்டை கட்டினார்கள். அந்தப் பெயரில் பெண்களுக்கென்று முழுமையான ஒரு டூர் மீண்டும் வருவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லாங்கோவின் முரட்டுப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டும். அவர் காலத்தில் பெண்கள் பந்தயத்தில் பெரிய சம்பளம் இல்லை. பெரிய அணிகள் இல்லை. தொலைக்காட்சியில் நேரம் இல்லை. பந்தயங்களும் தோன்றித் தோன்றி மறைந்தன. அவர் பர்ஸ்யூட்டில் உச்சத்தில் இருந்த 1980களில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு பர்ஸ்யூட்டே கிடையாது, 1992இல்தான் சேர்த்தார்கள். டைம் டிரையல் அதைவிடத் தாமதம்: உலகப் போட்டியில் 1994, ஒலிம்பிக்கில் 1996. தன் கையில் வாகாகப் படிந்த ஆயுதத்தை ஒலிம்பிக் அரங்கில் எடுக்க அவர் 37 வயதுவரை காத்திருந்தார். சைக்கிள் சம்மேளனத்தோடு ஓயாத சண்டை, சக வீராங்கனைகளோடு ஒட்டாத போக்கு, எதற்கும் கணவரைத் தவிர யாரையும் நம்பாத குணம் ஆகியவையும் இந்தக் காலத்தில் ஊறியவைதான். பிரான்ஸ் அவரை மதித்தது. ஆனால் கொஞ்சியது என்று சொல்ல முடியாது.

துரத்திய தங்கம்

பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984 லாஸ் ஏஞ்சலிஸில். முடிவுக்கோடு நெருங்கும் வேளையில் கானின்ஸின் சைக்கிளோடு லாங்கோவின் சைக்கிள் உரச, கியர் மாற்றும் கருவி உடைந்தது. பதக்க வாய்ப்போடு வந்தவர் ஆறாவதாகக் கோட்டைத் தாண்டினார்.

1988 சியோல். ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்படியும் போய் ஓட்டினார். கிடைத்தது 21ஆவது இடம். மறு ஆண்டு உலகப் பட்டங்களைக் குவித்த கையோடு ஓய்வை அறிவித்தார். ஓய்வு நிலைக்கவில்லை. பார்சிலோனா கூப்பிட்டது.

1992 பார்சிலோனாவில் நடந்ததைக் கேட்டால் எதிரிக்கும் பரிதாபம் வரும். ஆஸ்திரேலியாவின் கேத்தி வாட் கடைசிக் கட்டத்தில் நழுவி முன்னே போய்விட்டார். பின்னால் வந்த கூட்டத்தில் லாங்கோ முதலாவதாகப் பாய்ந்து வந்தார். முன்னே ஒருவர் போயிருக்கிறார் என்பதே தனக்குத் தெரியாது என்றார் பிறகு. அப்போது காதில் மாட்டும் வானொலிக் கருவிகள் கிடையாது. கிடைத்தது வெள்ளி.

ஆகவே அட்லாண்டாவின் மழையில் அவர் மற்ற இருவரையும் உதறிவிட்டுத் தனியே போனதில் ஒரு தர்க்கம் இருந்தது. உடன் யாராவது இருந்தால் கியர் உடையலாம். கூட்டத்தில் இருந்தால் முன்னே போனவர் கண்ணில் படாமல் போகலாம். தனியே போனால் அந்த வம்பே இல்லை. அதே ஒலிம்பிக்கின் டைம் டிரையலில் ரஷ்யாவின் சுல்ஃபியா சபீரோவாவுக்குப் பின்னால் வெள்ளியும் வாங்கினார். 2000 சிட்னியில் டைம் டிரையல் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 41.

ஒரு மணி நேரம்

லாங்கோவை உண்மையில் எடை போடும் தராசு 'ஹவர் ரெக்கார்டு' எனப்படும் ஒரு மணி நேரச் சாதனைதான். சைக்கிள் விளையாட்டிலேயே மிக எளிமையானதும் மிகக் கொடியதும் அது. எதிராளி இல்லை. மலை இல்லை. வட்டமான ஓடுதளத்தில் ஒரு மணி நேரம். எத்தனை கிலோமீட்டர் போக முடியும் என்பது மட்டுமே கேள்வி. ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் நாற்பதாவது நிமிடத்தில் கால்கள் வஞ்சம் தீர்க்கும்.

இதற்கு மெக்சிகோ நகரம் பேர்போனது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று லேசானது. முன்னே தள்ள வேண்டிய காற்றின் எதிர்ப்பு குறைவு. ஆனால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. லாபத்தையும் நஷ்டத்தையும் கூட்டிக் கழித்தால் நுரையீரல் வலுவானவருக்கு லாபம். 1989 அக்டோபரில் அங்கே 46.352 கி.மீ. ஓட்டினார் லாங்கோ. 1996 அக்டோபரில், அட்லாண்டா தங்கத்தின் சூடு ஆறுமுன், தன் 38ஆவது பிறந்தநாளுக்குச் சில தினங்கள் இருக்கையில், 48.159 கி.மீ.

அந்த எண்ணை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு. சைக்கிள் உலகின் முடிசூடா மன்னர் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் அதே நகரில் ஓட்டியது 49.431 கி.மீ. வித்தியாசம் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். லாங்கோவிடம் இருந்தது மெர்க்ஸின் சாதாரணச் சைக்கிள் அல்ல, காற்றைக் கிழிக்கும் நவீன வடிவமைப்பு என்பது உண்மைதான். அந்தக் காரணத்துக்காகவே 2000இல் உலகச் சைக்கிள் அமைப்பு விதியை மாற்றி, மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளில் செய்தால்தான் சாதனை என்றது. சரி என்று லாங்கோ அந்தப் பழைய பாணிச் சைக்கிளிலும் ஏறினார். 2000 டிசம்பரில், 42 வயதில், 45.094 கி.மீ. ஓட்டிப் புதிய விதிப்படியும் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

2014இல் விதிகள் மீண்டும் தளர்ந்தன. புதிய தலைமுறைப் பெண்கள் நவீனச் சைக்கிள்களோடு வரிசையாக முயன்றார்கள். அதிகாரப்பூர்வச் சாதனைகள் உடைந்துகொண்டே வந்தன. ஆனால் 1996இன் அந்த 48.159ஐ எட்ட முடியவில்லை. 2021இல் பிரிட்டனின் ஜோசலின் லவுடன் 48.405 கி.மீ. ஓட்டியபோதுதான் அந்தத் தூரம் பின்னே விழுந்தது. ஏறக்குறைய 25 ஆண்டுகள். அதன்பின் கதவு திறந்துவிட்டது. 2023இல் இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி 50 கி.மீ. எல்லையையே தாண்டினார்.

கறை

இத்தனை நீண்ட ஓட்டம் எப்படிச் சாத்தியம்? ரசிகர்கள் ஒழுங்கைச் சொல்வார்கள்: உணவுக் கட்டுப்பாடு, மலைக்காற்று, பயிற்சியில் தளராத கண்டிப்பு. ஆனால் சைக்கிள் விளையாட்டில் இந்தக் கேள்வியை வெள்ளை மனதோடு கேட்கும் வசதி யாருக்கும் இல்லை. 1990களின் ஆண்கள் பந்தயங்களில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து எப்படிப் புகுந்து விளையாடியது என்பது பின்னாளில் ஊரறிந்த கதை. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கூட்டும் மருந்து அது.

லாங்கோ 1987இலேயே ஒருமுறை எஃபெட்ரின் சோதனையில் சிக்கி ஒரு மாதம் தடை செய்யப்பட்டார். அது பழங்கதை என்று பலர் மறந்திருந்தார்கள். 2011 செப்டம்பரில் வந்தது பேரிடி. எங்கே இருக்கிறோம் என்று சோதனையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையில் 18 மாதங்களில் மூன்று முறை தவறினார் என்று புகார். மூன்று தவறினால் அது ஊக்கமருந்துக் குற்றத்துக்குச் சமம். அதே மாதம், கணவர் சிப்ரெல்லி இணையம் வழியாக ஈபிஓ வாங்கினார் என்று பிரெஞ்சுப் பத்திரிகை செய்தி வெளியிட்டது.

நவம்பரில் பிரெஞ்சு சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு லாங்கோவை விடுவித்தது. ஆனால் விடுவித்த காரணம் யாருக்கும் திருப்தி தரவில்லை. சோதனைக்கு உரியவர்கள் பட்டியலில் அவர் பெயர் முறைப்படி சேர்க்கப்பட்டிருக்கவில்லை என்பதுதான் அது. குற்றம் செய்யவில்லை என்ற தீர்ப்பு வேறு, விதிமுறை ஓட்டையால் தப்பினார் என்ற பேச்சு வேறு. லாங்கோவுக்குக் கிடைத்தது இரண்டாவது. 2012இல் விசாரணையில் சிப்ரெல்லி ஈபிஓ வாங்கியதை ஒப்புக்கொண்டார். தன் சொந்த உபயோகத்துக்கு என்றார்.

லாங்கோ ஈபிஓ எடுத்தார் என்று எந்தச் சோதனையும் காட்டியதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அதே சமயம், பயிற்சியாளராகவும் வாழ்க்கைத் துணையாகவும் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர் அந்த மருந்தை வாங்கினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது. யாரையும் நம்பாமல் அந்த ஒருவரை மட்டும் நம்பிக் கட்டிய கோட்டையில் ஓட்டை விழுந்ததும் அந்த ஒருவராலேயே. விடுவிக்கப்பட்ட பிறகும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்த கண்கள் மாறவில்லை.

அதற்காக 13 உலகப் பட்டங்களையும் கிழித்துப் போடுவதா? அவற்றில் எதையும் எந்த அமைப்பும் பறிக்கவில்லை. 1985இல் இத்தாலியில், இத்தாலிக்காரரான கானின்ஸை அவர் மண்ணிலேயே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வாங்கிய முதல் உலகப் பட்டத்துக்கும், பின்னாளில் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்த பொட்டலத்துக்கும் இடையே நீண்ட காலம் இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. இன்னொன்றைக் காட்டி ஒன்றை மறைக்கவும் முடியாது. வாசகர் இரண்டையும் ஒன்றாகத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசிக் காட்சியாக 2008 ஆகஸ்ட் பெய்ஜிங்கை எடுத்துக்கொள்ளலாம். சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கிய பிரிட்டனின் நிக்கோல் குக், லாங்கோ முதல் ஒலிம்பிக் ஓட்டியபோது ஒரு வயதுக் குழந்தை. இப்போது லாங்கோவுக்கு 49. சில நாள் கழித்து சீனப் பெருஞ்சுவருக்கு அருகில் டைம் டிரையல். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் முதலிடம், பிரிட்டனின் எம்மா பூலி இரண்டாமிடம், சுவிட்சர்லாந்தின் காரின் தூரிக் மூன்றாமிடம். நான்காவதாக லாங்கோ. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இரண்டு விநாடிகூட இல்லை.

2025இல் பாலின் ஃபெராண்ட் பிரேவோ பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றபோது, 1989க்குப் பிறகு அந்தப் பட்டம் வாங்கும் முதல் பிரெஞ்சுப் பெண் என்று எழுதினார்கள். சாலை, மலை, சேறு என்று எல்லாவகைச் சைக்கிளிலும் உலகப் பட்டம் வாங்கிய இன்னொரு சகலகலாவல்லி. அவருடைய டூர் கடைசி நாள்வரை தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது. சாலையோரம் கூட்டம் நெரிந்தது. செய்தியின் ஒரு வரியில் பழைய பெயர் ஒன்று வந்து போனது. அந்தப் பெயர் ஓட்டிய காலத்தில், ஆண்கள் வருவதற்கு முன் பெண்கள் சாலையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.